606 பிராங்கோஸா, 16-0 பேட்ரியாட்ஸா: என்எஃப்எல் வரலாற்றில் உண்மையிலேயே சிறந்த அஃபென்ஸ் எது?

நாலாவது_டவுன்:

வணக்கம். நான் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்தது சமீபத்தில்தான். பழைய அணிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

வேலை செய்யும் இடத்தில் ஒருவரோடு தினமும் இதே வாக்குவாதம். 2013 டென்வர் பிராங்கோஸ்தான் சிறந்த அஃபென்ஸ் (பந்தை முன்னேற்றிப் புள்ளி எடுக்கும் பக்கம்), வேறு பேச்சே இல்லை என்கிறார் அவர். எனக்கு 2007 நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். டாம் பிரேடி 50 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பது) வீசினார், அதில் 23ஐப் பிடித்தது ராண்டி மாஸ், லீக் ஆட்டங்களில் 16-0, ஒரு தோல்வி கூட இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இரண்டு அணிகளுமே சூப்பர் பௌல் என்ற இறுதியாட்டத்தில் தோற்றவை என்று மூன்றாமவர் ஒருவர் குறுக்கே வந்து கேட்டதும் இருவருக்கும் பதில் வரவில்லை.

எதை வைத்து அளப்பது? மொத்தப் புள்ளியா, அந்தக் காலத்துச் சராசரியோடு ஒப்பிடுவதா, கோப்பையா? எங்கள் இருவருக்கும் தெரியாத பழைய அணி ஏதாவது இந்தப் பட்டியலில் இருக்கிறதா?

---

ஸ்கோர்போர்டு:

606. 2013இல் பிராங்கோஸ் எடுத்த புள்ளி. அந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் வேறு யாரும் 600ஐத் தொட்டதில்லை. 2021 முதல் சீசனுக்கு 17 ஆட்டம் ஆக்கியும் தொடவில்லை. பேட்டன் மேனிங் 55 டச் டவுன், 5,477 யார்டு. டெமேரியஸ் தாமஸ், ஜூலியஸ் தாமஸ், டெக்கர், வெல்கர், மொரேனோ என ஐந்து பேர் ஆளுக்குப் பத்துக்குக் குறையாமல் டச் டவுன் எடுத்தார்கள். யாரை விட்டு யாரைத் தடுப்பது?

உங்கள் அலுவலக நண்பர் சொல்வது சரி.

---

சராசரிக்காரன்:

புள்ளியை அப்படியே எடுத்து வைத்தால் நியாயம் ஆகாது. 2013இல் ஒரு அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 23.4 எடுத்தது. பிராங்கோஸ் 37.9. வித்தியாசம் பதினான்கரை. 2007இல் லீக் சராசரி சுமார் 21.7, பேட்ரியாட்ஸ் 36.8. வித்தியாசம் பதினைந்து. மயிரிழையில் பேட்ரியாட்ஸ் மேலே.

ஆனால் அந்தச் சீசனை இரண்டாக வெட்டிப் பாருங்கள். முதல் எட்டு ஆட்டத்தில் 331 புள்ளி. அடுத்த எட்டில் 258. குளிரும் காற்றும் வந்ததும், எதிரணிகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டதும் எண்ணில் தெரிகிறது. அந்த முதல் பாதிக்கு இணையாக நவீன காலத்தில் வேறு எதையும் நான் வைக்க மாட்டேன்.

பழைய அணி கேட்டீர்கள் அல்லவா? 1950 லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 12 ஆட்டத்தில் 466 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 38.8. இன்றுவரை உடையாத சராசரி. பாப் வாட்டர்ஃபீல்டு, நார்ம் வான் ப்ரோக்லின் எனப் பந்தை வீசும் க்வார்ட்டர்பேக்குகள் இருவர் மாறி மாறி ஆடினார்கள். ஒரு ஞாயிறு பால்டிமோர் மேல் 70, அடுத்த ஞாயிறு டெட்ராய்ட் மேல் 65. அந்த டெட்ராய்ட் ஆட்டத்தில் மூன்றாம் குவார்ட்டரில் மட்டும் 41. பால்டிமோர் அந்த ஆண்டு ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தது, எனவே அந்த 70ஐக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். இவர்களும் இறுதியில் தோற்றார்கள்: கிளீவ்லாந்து 30, ராம்ஸ் 28. கடைசி அரை நிமிடத்தில் லூ குரோசா உதைத்த ஃபீல்டு கோல்.

---

பழையடேப்:

நான் பழைய ஆட்டங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவள். வர்ணனையாளர் எங்கே கத்துகிறாரோ அங்கே நம் கண்ணும் போய்விடும், அதனால்தான். அப்படிப் பார்த்துச் சொல்கிறேன்: 1999 முதல் 2001 வரையிலான செயின்ட் லூயிஸ் ராம்ஸ். மூன்று வருடமும் 500 புள்ளிக்கு மேல்.

முதலில் 606 பற்றி ஒரு வார்த்தை. அது அஃபென்ஸ் எடுத்த புள்ளி இல்லை, அணி எடுத்த புள்ளி. எதிரணி உதைத்த பண்ட்டையும் கிக்ஆஃப்பையும் டிரிண்டன் ஹாலிடே திருப்பி ஓடி எடுத்த டச் டவுன்களும் அதற்குள்தான் இருக்கின்றன. டிஃபென்ஸ் பந்தைப் பறித்து எதிரணியின் 20 யார்டு கோட்டில் கொடுத்தால் அந்த ஏழு புள்ளியும் க்வார்ட்டர்பேக் கணக்கில் போய்விடும். கணக்கு பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

ராம்ஸ் 1998இல் 4-12 (4 வெற்றி, 12 தோல்வி). அடுத்த வருடத்துக்கென்று க்வார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனைக் கொண்டுவந்தார்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போயிற்று. அவர் இடத்துக்கு வந்த கர்ட் வார்னர், அதற்குச் சில வருடங்களுக்கு முன் மளிகைக் கடையில் இரவு வேலையாகச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர். அந்த ஆள் 41 டச் டவுன் வீசினார். அதற்கு முன் ஒரே சீசனில் 40ஐத் தாண்டியவர் டேன் மரீனோ ஒருவர்தான். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் அந்த அஃபென்ஸின் ரகசியம் வார்னர் இல்லை.

ரகசியம் மார்ஷல் ஃபால்க். இண்டியானாபோலிஸிடமிருந்து புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்று, ஐந்தாம் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து வாங்கினார்கள். இப்போது நினைத்தால் கொள்ளை. 1999இல் ஓடி 1,381 யார்டு, பந்து பிடித்து 1,048 யார்டு. டேப்பில் அவரைக் கவனித்தால் இது எண்ணிக்கை விஷயம் இல்லை என்று புரியும். ஒரு ஸ்னாப்பில் (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடி) பின்னால் நின்று பந்தை வாங்கி ஓடுவார். அடுத்ததில் அதே இடத்திலிருந்து வார்னர் மேல் பாயும் லைன்பேக்கரைத் தடுப்பார். அதற்கடுத்து ஓரத்துக்கு நகர்ந்து போய்ப் பந்து பிடிக்கும் ரிசீவராக நிற்பார். களத்தில் நிற்கும் ஆட்கள் மாறவே இல்லை. எதிரணிக் கோச் எந்த ஆட்களை உள்ளே அனுப்புவது? ஓட்டத்துக்கென்று கனமானவர்களை அனுப்பினால் ஐசக் புரூஸும் டோரி ஹோல்ட்டும் பின்னால் ஓடிப் போய்விடுவார்கள். பின்னால் ஆள் கூட்டினால் ஃபால்க் நடுவில் ஓடுவார்.

அஃபென்ஸை நடத்திய மைக் மார்ட்ஸ் பல நேரம் ஐந்து பேரையும் ரூட்டுக்கு (பந்து பிடிக்க ஓடும் பாதைக்கு) அனுப்பிவிடுவார். வார்னரைக் காக்க முன்வரிசையில் ஐந்து லைன்மேன் மட்டும். துணிச்சலா பைத்தியமா என்று கேட்டால், இரண்டும். ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே வார்னர் கையிலிருந்து பந்து போயிருக்கும். பயிற்சியாளர் டான் கோரியல் சான் டியேகோவில் க்வார்ட்டர்பேக் டேன் ஃபவுட்ஸை வைத்துச் செய்ததன் வாரிசு இது. கோரியலிடம் இருந்த எர்னி ஸாம்பீஸி, அவர் வழியில் நார்வ் டர்னர், டர்னரிடம் வேலை பார்த்த மார்ட்ஸ் என்று வந்த பாட்டை.

2000இல் வார்னருக்குக் கையில் எலும்பு முறிந்தது. டிரென்ட் கிரீன் வந்து ஐந்து ஆட்டம் தொடங்கினார். ஆனாலும் அந்த வருடம் 540 புள்ளி, மூன்றிலும் அதுதான் அதிகம். மேனிங் அடிபட்டு உட்கார்ந்திருந்தால் 2013 பிராங்கோஸ் என்ன ஆகியிருக்கும் என்று ஸ்கோர்போர்டு கொஞ்சம் யோசிக்கட்டும்.

---

தரைவழி:

டேப் அக்கா சொல்வதைக் கேட்டால் அந்த அணி குறையே இல்லாதது போல இருக்கிறது. 2001இல் வார்னர் 22 இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடிப்பது) கொடுத்தார். பந்தைக் கைமாற்றிவிடுவதும் அஃபென்ஸின் கணக்குத்தானே? 2011இல் கிரீன் பேயின் ஆரன் ராட்ஜர்ஸ் 45 டச் டவுனுக்கு ஆறே இன்டர்செப்ஷன்.

அப்புறம், எல்லாரும் வீச்சையே பேசுகிறீர்கள். 2019 பால்டிமோர் ரேவன்ஸ் ஓடியே 3,296 யார்டு. 1978இலிருந்து நின்ற சாதனையை உடைத்தார்கள். லமார் ஜாக்சன் பந்தைக் கொடுக்கிறாரா வைத்துக்கொள்கிறாரா என்று கேமராவே ஏமாறும். 1983 வாஷிங்டன் அணியும் இருக்கிறது, ஜான் ரிக்கின்ஸ் 24 டச் டவுன், மொத்தம் 541 புள்ளி, அன்றைக்கு அதுவே சாதனை.

---

நாலாவது_டவுன்:

சூப்பர் பௌல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. வாஷிங்டன், கிரீன் பே, ரேவன்ஸ் என்று நீங்கள் சொல்கிற அணி எதைத் தேடினாலும் கடைசியில் தோல்விதான் வருகிறது!

---

பழையடேப்:

தரைவழி தம்பி, 22 இன்டர்செப்ஷன் உண்மை. ஐந்து பேரை ரூட்டுக்கு அனுப்பினால் கொடுக்க வேண்டிய விலை அது. மார்ட்ஸ் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார், சில நேரம் தேவைக்கு மேலேயே கொடுத்தார். ரேவன்ஸ் விஷயத்தில் எனக்கும் ஆசைதான், ஆனால் டென்னசி முன்னால் போனதும் அந்த ஓட்டத்தால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 28-12.

இப்போது சூப்பர் பௌல். 500 புள்ளி எடுத்துக் கோப்பையும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்: 1994 சான் ஃபிரான்சிஸ்கோ, 1998 டென்வர், 1999 ராம்ஸ், 2009 நியூ ஆர்லியன்ஸ். ஆனால் ஜெயித்தவரை எண்ணுவதை விட, தோற்றவர் எப்படித் தோற்றார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். ஒரு அஃபென்ஸை நிறுத்த எதிரணி என்ன பாடுபட்டது என்பதுதான் என் அளவுகோல்.

2013 பிராங்கோஸை நிறுத்த சியாட்டில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. வருடம் முழுக்க என்ன ஆடினார்களோ அதையே ஆடினார்கள். முதல் ஸ்னாப்பே மேனிங் தலைக்கு மேல் போய் சேஃப்டி, எதிரணிக்கு இரண்டு புள்ளி. பாதி ஆட்டத்தில் 22-0, முடிவில் 43-8. சியாட்டிலின் டிஃபென்ஸ் அபாரமானது, மறுக்கவில்லை. ஆனால் 606 எடுத்த அணிக்கு மாற்று வழி என்று ஒன்று கையில் இருந்திருக்க வேண்டாமா? குட்டையாகப் போடுவது, பிடித்தவன் ஓடுவது. அதைச் சியாட்டில் வேகமாக வந்து அடித்ததும் கடை மூடியாயிற்று.

2007 பேட்ரியாட்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸ் பெரும்பாலும் நாலு பேரை விட்டே நெருக்கியது. ஸ்ட்ரஹான், டக், உமென்யோரா. பிரேடி ஐந்து முறை சாக் ஆனார், அதாவது வீசுமுன் வீழ்த்தப்பட்டார், 17-14. இந்த வழிக்கு அசாத்தியமான லைன்மேன்கள் வேண்டும், எல்லாரிடமும் இருக்க மாட்டார்கள். அதனால் 2007ஐ 2013க்கு மேலே வைக்கிறேன். நாலாவது_டவுன், உங்கள் வாக்குவாதத்தில் ஜெயித்தது நீங்கள்.

ராம்ஸுக்கு வருகிறேன். 2001 நவம்பரில் பேட்ரியாட்ஸ் அவர்கள் மேல் பிளிட்ஸ் (க்வார்ட்டர்பேக் மேல் கூடுதல் ஆட்களை ஏவுவது) விட்டுப் பார்த்தது. தோல்வி, 24-17. பிப்ரவரியில் சூப்பர் பௌலில் மறுபடி சந்தித்தபோது பேட்ரியாட்ஸ் கோச் பில் பெலிச்சிக் திட்டத்தையே தலைகீழாக மாற்றினார். பிளிட்ஸைக் குறைத்தார். பின்வரிசையில் ஐந்து பேர், ஆறு பேர், சில நேரம் அதற்கும் மேல். ஃபால்க் கையில் பந்து இருக்கிறதோ இல்லையோ, அவர் வெளியே வரும்போதெல்லாம் ஒருவன் போய் இடிக்க வேண்டும். ரிசீவர்களையும் தொடக்கத்திலேயே முட்டித் தள்ள வேண்டும். இத்தனையும் செய்து, மூன்று முறை பந்தைப் பறித்து, அதில் ஒன்றை டை லா 47 யார்டு ஓடி டச் டவுன் ஆக்கியும், நாலாம் குவார்ட்டர் முடிவதற்குள் 17-17. வினாட்டியேரியின் 48 யார்டு உதையில்தான் தீர்ந்தது. யார்டு கணக்கு: ராம்ஸ் 427, பேட்ரியாட்ஸ் 267. தோற்ற ஆட்டத்தில் இது!

அந்த முட்டித் தள்ளுதலை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். 2004 ஜனவரியில் அதே பேட்ரியாட்ஸ், மேனிங் அப்போது ஆடிய கோல்ட்ஸ் அணியின் ரிசீவர்களை அதே மாதிரி பிடித்து இழுத்து ஆடினார்கள். டை லா மூன்று பந்தைப் பறித்தார். அதன் பிறகு லீக், ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொடக் கூடாது என்ற பழைய விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. அதே வருடம் மேனிங் 49 டச் டவுன். 2007இல் பிரேடி 50. 2013இல் மேனிங் 55. மூன்றும் அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் வந்தவை. வார்னரின் ரிசீவர்கள் அடி வாங்கிக்கொண்டே ஓடினார்கள்.

இந்தக் கணக்கில் ராம்ஸோடு போட்டி போடத் தகுதியான ஒரே ஆள் 1984 மரீனோதான். அதுவரை 36 என்று இருந்த சாதனையை ஒரே தாவலில் 48 ஆக்கினார். 5,084 யார்டை மிஞ்ச 2011 வரை ஆனது. ஆனால் மயாமியில் ஃபால்க் இல்லை. பின்னால் ஓட ஆள் இல்லாத அஃபென்ஸை சான் ஃபிரான்சிஸ்கோ நைனர்ஸ் 38-16 என்று முடித்துவிட்டது.

---

சராசரிக்காரன்:

விதி மாறியதை என் சராசரி ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொள்கிறதே அக்கா. எல்லா அணிக்கும்தானே அந்தக் கண்டிப்பு உதவியது? தொடர்ந்து மூன்று வருடம் 500 என்பதும் இப்போது ராம்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை, 2010 முதல் 2012 வரை பேட்ரியாட்ஸும் எடுத்தது.

---

பழையடேப்:

எல்லா அணிக்கும் உதவியது. ஆனால் வீசியே வாழ்கிற அணிக்குச் சற்று அதிகமாக உதவும், அதைச் சராசரி பிரித்துக் காட்டாது. பேட்ரியாட்ஸின் அந்த மூன்று வருடம் பற்றிச் சொன்னது சரியான பாயிண்ட். அவர்களுக்குப் பந்து பிடித்த கிரான்கௌஸ்கியை யார் தடுப்பது என்பதும் ஃபால்க் மாதிரியான தலைவலிதான்.

---

நாலாவது_டவுன்:

நன்றி எல்லாருக்கும். வார இறுதியில் அவரை வீட்டுக்கு அழைத்து ஆட்டம் போட்டுக் காட்டப் போகிறேன். எந்த ஆட்டங்கள்?

---

பழையடேப்:

அவர் பிராங்கோஸ் ஆள் என்பதால் முதலில் 2013 அக்டோபரில் டாலஸோடு ஆடிய 51-48 போடுங்கள், மனம் குளிரட்டும். அடுத்து 2007இன் கடைசி லீக் ஆட்டம், ஜயன்ட்ஸ் மேல் 38-35. பிரேடியின் 50ஆவதும் மாஸின் 23ஆவதும் ஒரே 65 யார்டு வீச்சில் வருவது அதில்தான். பிறகு 2000 சீசனின் முதல் திங்கள்கிழமை ஆட்டம், ராம்ஸ் 41, டென்வர் 36. கடைசியாக அந்த 2001 நவம்பர் ஆட்டமும் சூப்பர் பௌலும், அடுத்தடுத்து. இந்த இரண்டிலும் பந்தைப் பார்க்காதீர்கள், ஸ்னாப் ஆனதும் 28ஆம் எண் ஃபால்க்கை மட்டும் பாருங்கள்.