குறைந்த செலவில் எடுத்த பழைய திகில் படங்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தைப் போன வாரம் பார்த்தேன். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு, சுமார் 1,14,000 டாலர் செலவு, அவ்வளவுதான். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்! கறுப்பு வெள்ளையில் அது ரத்தமாகவே தெரிகிறது. காசில்லாததால் கேமரா வீட்டுக்குள் அடைபட்டுத் தவிக்கும் மனிதர்களின் முகத்திலேயே நிற்கிறது. எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' பார்த்துவிட்டேன். அப்புறம் என்ன பார்க்கலாம்? 1980-க்கு முன் வந்த திகில், அறிவியல் புனைவு எதுவானாலும் சரி, பெரிய ஸ்டூடியோ படங்கள் மட்டும் வேண்டாம். அம்மாவும் கூடப் பார்ப்பார், அதனால் சப்டைட்டிலோடு தெளிவான பிரதி எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.