பழைய ஃபிலிம் கேமராவில் ஒன்றே ஒன்றை மாற்றலாமென்றால் எதை மாற்றுவீர்கள்?

முப்பத்தைந்து எம்எம்:
என்னிடம் இருப்பது 1970களில் வந்த, முழுக்க இயந்திர விசையில் இயங்கும் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா). அப்பா பணி ஓய்வு பெற்ற நாளன்று, தாம் நின்று வேலை பார்த்த லேத்தை எண்ணெய்த் துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தார்; அதை ரோல் முழுவதும் எடுத்தேன். ஒரு ரோலில் 36 படங்கள்தான்; எண்காட்டி 36-ஐத் தாண்டியது. 37, 38 என்று போன பிறகும் ஃபிலிமை நகர்த்தும் லிவர் வெண்ணெயில் ஓடுவதுபோல் இழுபட, எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஃபிலிமின் நாக்கு, அதாவது அதன் முன்முனை, உள்ளே சுருளில் மாட்டவே இல்லை. எடுத்த படமெல்லாம், மாட்டும்போதே வெளிச்சம் பட்டுவிட்ட அந்த நாக்கின் மேல்தான் விழுந்திருந்தன. எண்காட்டி லிவரின் இழுப்பை எண்ணுகிறதே தவிர ஃபிலிமின் நகர்வை எண்ணுவதில்லை. ஃபிலிம் உண்மையில் நகர்ந்தால் மட்டும் சுழலும் சிறு குறி ஒன்று வேண்டும்.

இருட்டறைவாசி:
மன்னிக்கவும், மேலே எழுதிய நண்பரின் இழப்புக்குக் கேமராவைக் குறைசொல்ல முடியாது. ஃபிலிமை மாட்டியதும், அதைத் திரும்பச் சுற்றுவதற்கான ரீவைண்ட் குமிழைத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு, லிவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பார்ப்பது பாலபாடம். எளிதாக மாட்டும் வழியும் 1960களிலேயே வந்துவிட்டது. கேனானின் கியூஎல் (குவிக் லோட்) வகைக் கேமராக்களில் நாக்கைக் குறியிட்ட இடம் வரை நீட்டி வைத்து மூடினால் போதும்.

உண்மையான குறை, அதே குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறந்துகொள்வது. பையிலிருந்து எடுக்கும்போது வார் குமிழில் மாட்டி, பாதி ரோல் ஓடியிருந்த கேமரா என் கையிலேயே வாய் பிளந்தது. ஃபிலிமின் சாம்பல் நிறப் பரப்பை அன்று பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளும் பூட்டு இருந்திருந்தால் போதும்.

பாதரசம்:
என் கதை சிறியது. இப்போது விற்பனையில் இல்லாத 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைத்த, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில், அளவு பொருந்துகிறதே என்று 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டேன். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியதால் ஸ்லைடுகள் எல்லாம் இருண்டு வந்தன.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபிலிம் வேக எண்ணை (ஐஎஸ்ஓ) குறைத்து வைத்துச் சரிக்கட்டலாம் என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அல்கலைனின் மின்னழுத்தம் தீரத் தீர இறங்கிக்கொண்டே வரும் என்பதால், இன்றைக்குச் செய்த திருத்தம் அடுத்த மாதம் பொருந்தாது. காதுக்கருவிக்கான துத்தநாகக் காற்று பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும். ஆனால் அதன் காற்றுத் துளையை மூடிய ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களில் செத்துவிடும். சில்வர் ஆக்சைடு பேட்டரியை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் டையோடு பொருத்திய வளையத்தோடு போடுவதே நீடித்த வழி. பென்டாக்ஸ் 1964-இல் வெளியிட்ட ஸ்பாட்மேட்டிக் கேமராவின் மீட்டரில் பிரிட்ஜ் சுற்று இருப்பதால், மின்னழுத்தம் சற்று மாறினாலும் அளவு பிசகுவதில்லை. மற்றவர்களும் அதைச் செய்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

(மீட்டருக்கு நிறுத்தும் விசை இல்லாத கேமரா வைத்திருப்பவர்கள், பேட்டரி வீணாகாதபடி, லென்ஸ் மூடியை மறக்காமல் போடுங்கள்.)

முப்பத்தைந்து எம்எம்:
இருட்டறைவாசி சொன்ன பாலபாடம் எனக்கும் தெரியும். குமிழ் இருப்பது கேமராவின் இடப்பக்க மூலையில். என் கண் இருந்தது வியூஃபைண்டரில், அப்பாவின் கைமேல். ஆகவே என் கோரிக்கையைத் திருத்திக்கொள்கிறேன்: அந்தக் குறி வெளியே வேண்டாம், மீட்டர் முள்ளுக்குப் பக்கத்தில், வியூஃபைண்டருக்குள்ளேயே இருக்கட்டும்.