கெர்மிட் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தவளைப்பிரியன்:

2011இல் கெர்மிட் தவளையும் அதன் கூட்டாளிகளுமான மப்பெட்ஸ் பொம்மைகள் பெரிய திரைக்குத் திரும்பி வந்ததைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடைப்பதில்லை. அலுவலகத்தில் ஆரம்பித்தால் "அது குழந்தைகள் படமாச்சே" என்று எழுந்து போய்விடுகிறார்கள். இங்கே நாலு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நானே தொடங்குகிறேன். படம்தான் என்றில்லை, அந்தப் பொம்மைகளை எங்கே சந்தித்திருந்தாலும் எழுதுங்கள்.

நான் அப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருந்தேன். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் படம் வெளியானது. ஹாலிவுட் பூலவார்டில் இருக்கும் எல் கேபிடன் தியேட்டரில் மகளோடு பார்த்தேன். படத்தில் மப்பெட்ஸின் பழைய நாடகக் கொட்டகைக்கு வெளித்தோற்றமாக வருவதும் அதே கட்டடம்தான். கதையில் ஒரு எண்ணெய் முதலாளி அதை இடித்துவிட்டு அடியில் உள்ள எண்ணெயை எடுக்கப் பார்க்கிறான். ஒரு கோடி டாலர் திரட்டினால்தான் கொட்டகை தப்பும். படம் முடிந்து வெளியே வந்தால் திரையில் பார்த்த அதே வாசல், அதே நடைபாதை! எண்ணெய்க்காரன் எங்கே நிற்கிறான் என்று என் மகள் சுற்றிச் சுற்றித் தேடினாள்.

அவளுக்கு செசமி ஸ்ட்ரீட் எல்மோவைத் தெரியும், கெர்மிட்டைத் தெரியாது. இதற்கு முன் தியேட்டருக்கு வந்த மப்பெட் படம் 1999இல். அது சரியாக ஓடவில்லை. 2004இல் டிஸ்னி இந்தப் பாத்திரங்களை வாங்கியது, ஆனாலும் பெரிய திரையில் சத்தமே இல்லை. நடிகர் ஜேசன் சீகல் 2008இல் நடித்த ஒரு காதல் நகைச்சுவைப் படம் டிராகுலா பொம்மை நாடகத்தில் போய் முடியும். அதற்குப் பொம்மை செய்து கொடுத்தவர்கள் மப்பெட்ஸை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் பட்டறைக்காரர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவரும் அந்தப் படத்தின் இயக்குநர் நிக்கோலஸ் ஸ்டோலரும் டிஸ்னியிடம் போய்க் கதை சொன்னார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், "உலகம் இவர்களை மறந்துவிட்டது" என்ற சங்கடத்தை மூடி மறைக்காமல் அதையே கதையாக்கியது. பழைய மப்பெட் ஷோ தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் போட்டுப் போட்டுப் பார்த்து வளர்ந்த வால்டர் என்ற ரசிகன்தான் நாயகன். என் மகளைப் போல ஒன்றும் தெரியாமல் வந்தவர்களுக்கு அவன்தான் வழிகாட்டி.

மேல்மாடிக் கிழவன்:

தம்பி, நான் லண்டன். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுபதுகளின் கடைசியில் படிக்க வந்தவன். வாடகை அறை, கீழே வீட்டுக்கார அம்மாவின் தொலைக்காட்சி. ஐடிவியில் மப்பெட் ஷோ வந்தால் கூப்பிடுவார். எனக்கு அப்போது ஆங்கிலம் வாசிக்க வரும். இங்கே ஆட்கள் கதைக்கிற வேகத்துக்குக் காது பழகியிருக்கவில்லை. ஸ்வீடிஷ் ஷெஃப் என்ற சமையற்காரப் பொம்மை வந்தவுடன் நிம்மதி. அவர் கதைப்பது எனக்கும் விளங்காது, அந்த அம்மாவுக்கும் விளங்காது. அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சமமாக இருந்த சில நிமிடங்கள் அவை.

பலர் இதை முழுக்க அமெரிக்கச் சரக்கு என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஹென்சனைத் திருப்பி அனுப்பிய பிறகு, லூ கிரேட் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர்தான் கை கொடுத்தார். 1976 முதல் 1981 வரை ஐந்து பருவம், 120 நிகழ்ச்சிகள், எல்லாம் லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்தவை. அந்த இடம் பிறகு பிபிசியின் கைக்குப் போனது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிச் சொல்லுவேன். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புதுப் படம் இங்கே 2012 பிப்ரவரியில் வந்தது. சிரித்தேன், ஒரு இடத்தில் அழுதும்விட்டேன். ஆனால் மிஸ் பிக்கி என்ற பன்றிப் பொம்மை வாய் திறந்த உடனேயே இது வேறு ஆள் என்று தெரிந்துவிட்டது. பிக்கியை முன்பு ஆட்டிக் குரல் கொடுத்த ஃபிராங்க் ஆஸ் அந்தப் படத்தில் இல்லை. கதை தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பிக்கியையும் ஃபாஸியையும் அனிமலையும் உருவாக்கி வளர்த்தவருக்கே பிடிக்கவில்லை என்றால், அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

ஆணிக்கால்:

கிழவன் ஐயா, அந்த "வேறு ஆள்" விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். பிக்கியை இப்போது ஆட்டுகிற எரிக் ஜேகப்சன் அந்தப் படத்தின்போதே சுமார் பத்து வருடப் பழக்கம் உள்ளவர். கெர்மிட்டின் கதையும் அதுதான். ஹென்சன் 1990 மே மாதம் 53 வயதில் போனதும் ஸ்டீவ் விட்மயர் எடுத்தார். 2017 முதல் மேட் வோகல். கை மாறாமல் எந்தப் பொம்மை இத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

எங்கள் கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பொம்மையின் கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் தலையில் மாட்டிக்கொள்வார். அவர் தலை அசைந்தால் பொம்மை அசையும். அப்பா கழற்றி வைத்ததை மகன் மாட்டிக்கொண்டபோது "இது பழைய அரிச்சந்திரன் இல்லை" என்று யாரும் எழுந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. (திரைக்குப் பின்னால் இருந்து வருவதால் ஒருவேளை எனக்குப் பாரபட்சம் இருக்கலாம்.)

பீச் மரத்தெரு:

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு நேரடி அனுபவம். நான் இருப்பது அட்லாண்டா. இங்கே பொம்மலாட்டக் கலைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 1978இல் அதன் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது ஹென்சனும் கெர்மிட்டும். 2015இல் திறந்த புது அருங்காட்சியகத்தில் ஹென்சன் குடும்பம் கொடுத்த பொம்மைகளுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். கொஞ்சம் துணி, கொஞ்சம் ஃபோம், இரண்டு கண். அவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம் பயிற்சி அறையில் கையில் ஒரு பொம்மையை மாட்டிக் கொடுத்தார்கள். பேச வைக்கும்போது நம் கை தானாக மேல்விரல்களைத் தூக்கும். பொம்மை வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விடும். கட்டைவிரலைத்தான் கீழே இறக்க வேண்டும், அப்போதுதான் தாடை அசைகிற மாதிரி இருக்கும். அதிலும் கை தலைக்கு மேலேயே நிற்க வேண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

படப்பிடிப்பில் இன்னும் கஷ்டம். தரையை உயர்த்திக் கட்டி, ஆட்டுபவர்கள் கீழே நின்றும் படுத்தும் வேலை செய்வார்கள். பொம்மை என்ன செய்கிறது என்பதைக் காலடியில் உள்ள சின்ன மானிட்டரில் பார்க்க வேண்டும். அது கண்ணாடி மாதிரி காட்டாது, நேர்ப்படம். நீங்கள் வலப்பக்கம் கையை நகர்த்தினால் திரையில் இடப்பக்கம் போகும். அந்த 2011 படத்தில் கூட்டமாக ஆடுகிற இடங்களை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார். எல்லாவற்றையும் கணினியில் வரைந்துவிடக்கூடிய காலத்தில் இப்படி எடுத்தார்கள் என்பதே எனக்குப் போதும். மற்ற குறைகளை மன்னித்துவிட்டேன்.

ஆர்லாண்டோ அக்கா:

நான் சுருக்கமாக. இங்கே டிஸ்னி பூங்காவில் இருந்த மப்பெட்ஸ் முப்பரிமாணக் காட்சி அரங்கை 2025 ஜூனில் மூடிவிட்டார்கள். ஹென்சன் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று. அவர் இறந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 1991 மே 16இல் திறந்தது. மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வந்தேன். பக்கவாட்டு பால்கனியில், எதையும் குறை சொல்கிற கிழட்டுப் பொம்மைகள் ஸ்டாட்லரும் வால்டார்ஃபும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமோ அவர்களுக்கு எழுந்து நின்று கை தட்டியது. அந்த இரண்டு கிழவர்களுக்கும் இதைவிடப் பெரிய அவமானம் வேறு இருக்க முடியாது.

தவளைப்பிரியன்:

அக்கா, பிரமாதம்.

கிழவன் ஐயாவுக்கு ஒன்று. ஆஸ் சொன்னதில் உண்மை இருக்கலாம், ஆனால் அது 2014இல் வந்த அடுத்த படத்தில்தான் தெரிந்தது. 2011 படம் நாலரைக் கோடி டாலர் செலவில் எடுத்து உலகம் முழுக்கச் சுமார் பதினாறரைக் கோடி வசூலித்தது. பிரெட் மெக்கென்ஸி எழுதிய பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது (அந்த வருடம் போட்டிக்கு வந்ததே இரண்டு பாட்டுதான், அது வேறு விஷயம்). அந்த 2014 படத்துக்கு ஐந்து கோடி செலவு, வரவு எட்டுக் கோடியை ஒட்டித்தான். இத்தனைக்கும் அதில்தான் நகைச்சுவை அதிகம் என்பது என் கட்சி. ஏக்கத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். "மீண்டும் ஒன்று சேர்ந்தோம்" என்ற கதையைச் சொல்லி முடித்தாயிற்று, இனி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்க வைத்தே ஆளைக் கூட்ட வேண்டும். பழைய நிகழ்ச்சி 120 தடவை அதைத்தான் செய்தது.

ஆணிக்கால்:

சரி, என் பையனுக்கு இப்போது ஏழு வயது. எதில் தொடங்கட்டும்? 2011 படமா?

மேல்மாடிக் கிழவன்:

வேண்டாம் தம்பி. மறந்துபோனவர்களைப் பற்றிய படம் அது. அவனுக்கு மறக்க என்ன இருக்கிறது? 1979 படத்தைப் போடுங்கள். தொடக்கத்தில் சதுப்பு நிலத்தில் கெர்மிட் மரக்கட்டை மேல் உட்கார்ந்து பாஞ்சோ வாசிக்கும். ஹென்சன் தண்ணீருக்கு அடியில் ஒரு இரும்புத் தொட்டிக்குள் சுருண்டு உட்கார்ந்து, குழாயில் காற்று வாங்கிக்கொண்டு, கையை மட்டும் மேலே நீட்டி அதை எடுத்தார். முதல் தடவை இதைச் சொல்லாதீர்கள். அவனே கேட்பான்.

பீச் மரத்தெரு:

கேட்டால் கட்டைவிரல் பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பழைய காலுறை இருந்தால் போதும்.