அசெட்டுகளுக்கும் ஆவணங்களுக்கும் இடையிலான 4,200 தவறான தொடர்புகள்: ஏபிஐ வழியாக மொத்தமாக நீக்குவது எப்படி?

வரைபடவாசி எழுதியது:

வணக்கம். ஆட்டோடெஸ்க் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிளவுட் என்ற கட்டுமான மேலாண்மை மென்பொருளில் உள்ள ஒரு மருத்துவமனைக் கட்டுமானத் திட்டத்தில் பம்புகள், ஏசி அலகுகள், தீயணைப்பு வால்வுகள் என 1,400 அசெட்டுகளைப் பதிந்து, ஒவ்வொன்றோடும் இயக்கக் கையேடு, சோதனைச் சான்றிதழ், உத்தரவாதப் பத்திரம் ஆகிய மூன்று பிடிஎஃப் கோப்புகளை பதிவுகளை நிரல்வழி இணைக்க உதவும் ரிலேஷன்ஷிப் ஏபிஐ மூலம் இணைத்தேன். எக்செல் தாளில் அசெட் எண் இருந்த பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, மற்றப் பத்திகளை அப்படியே விட்டுவிட்டதால், எல்லா இணைப்புகளும் இடம் மாறிப்போயின. அடித்தளப் பம்பைத் திறந்தால் மொட்டைமாடிக் குளிரூட்டியின் சான்றிதழ் வருகிறது. தவறு முழுக்க என்னுடையதுதான்.

ஒவ்வொன்றாக நீக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். சில நூறு அழைப்புகளுக்குப் பிறகு அழைப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்னும் 429 பிழை வந்து நின்றுவிட்டது. எவை நீங்கின, எவை எஞ்சியுள்ளன என்பதற்கு என்னிடம் பதிவு இல்லை. இதே அசெட்டுகளில் தளப் பொறியாளர்கள் கையால் இணைத்த சரியான ஆவணங்களும் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழிக்கவும் முடியாது. வழி சொல்லுங்கள்.

தள_மேலாளர் எழுதியது:

அசெட்டுகளையே மொத்தமாக அழித்துவிட்டு, தாளைத் திருத்தி மீண்டும் இறக்குமதி செய்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். தொடர்புகளைத் தேடிப் பிடித்து நீக்குவது வீண் அலைச்சல்.

கம்பிகட்டி எழுதியது:

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். மீண்டும் இறக்குமதி செய்யும்போது ஒவ்வொரு அசெட்டுக்கும் புதிய ஐடி வழங்கப்படும். பழைய ஐடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இஷ்யூக்கள், செக்லிஸ்டுகள், கையால் இணைத்த ஆவணங்கள் ஆகிய எதுவும் புதிய அசெட்டைத் தேடி வராது. இங்கே கெட்டுப்போயிருப்பது பதிவு அன்று, இரண்டு பதிவுகளுக்கு இடையிலான கயிறு மட்டுமே; கயிற்றை அறுக்க மாட்டையும் கம்பத்தையும் அழிப்பானேன்?

இந்த ஏபிஐயில் ஒவ்வொரு தொடர்பும் தனக்கென ஓர் ஐடி கொண்ட தனிப் பதிவாகும். அதற்குள் இரண்டு முனைகள் இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் டொமைன் (எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது), வகை, ஐடி என்ற மூன்று விவரங்கள் உண்டு. ஆகவே நீக்குவதற்கு முன், தேடல் அழைப்பின் மூலம் அசெட் டொமைனுக்கும் ஆவண டொமைனுக்கும் இடையிலான எல்லாத் தொடர்புகளையும் பக்கம் பக்கமாக எடுத்து, ஒரு ஜேசன் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். தொடர்பின் ஐடியை மட்டும் சேமித்தால் போதாது. இரு முனைகளின் விவரமும் இருந்தால்தான், தவறுதலாக ஒன்றை நீக்கிவிட்டாலும் அதை மறுபடி உருவாக்க முடியும். முனைகளுள் எது முதலில் வரும் என்று நம்பாமல், டொமைனைப் பார்த்தே அசெட்டையும் ஆவணத்தையும் பிரித்தறியுங்கள். திட்ட ஐடியின் முன்னால் இருக்கும் ‘பி’ எழுத்தையும் புள்ளியையும் நீக்கியே இங்கு அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் இருமுறை அதில் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

கையால் இணைத்தவற்றைக் காப்பாற்ற, உருவாக்கிய நேரமே உங்களுக்குக் கிடைத்துள்ள நல்ல சல்லடை. உங்கள் ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்துக்கு உள்ளே உருவானவற்றை முதலில் பிரித்தெடுங்கள். பிறகு, உங்களுடைய பழைய எக்செல் தாளில் அதே தவறான இணை இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இரண்டு சோதனையிலும் தேறியதை மட்டும் நீக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறான தாளை இன்னும் அழிக்கவில்லை என்று நம்புகிறேன்.

முக்காற்புள்ளி எழுதியது:

இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். முதலாவது, பக்கம் புரட்டிக்கொண்டே நீக்காதீர்கள். முதல் பக்கத்தில் இருப்பவற்றை அழித்துவிட்டு அடுத்த பக்கத்தைக் கேட்டால், காலடியிலேயே பட்டியல் நகர்ந்து, சில பதிவுகள் கண்ணில் படாமலே போகக்கூடும். கடைசிப் பக்கம்வரை படித்து முடித்த பின்னரே நீக்கத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, 429 என்பது மறுப்பு அன்று, பொறுத்திருக்கச் சொல்லும் வேண்டுகோள். பதிலின் தலைப்பில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு இருந்தால் அதன்படி காத்திருந்து, அதே தொகுதியை மீண்டும் அனுப்பலாம். நீக்கச் சொல்லும் அழைப்பு முறையான டெலீட் என்பது ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் ஒரே நிலையில் முடிய வேண்டிய வினை என்பதால், ஏற்கெனவே நீங்கிய பதிவுக்கு ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 வந்தால் அதைத் தோல்வியாகக் கருதாமல் கடந்து செல்லுங்கள். பல ஐடிகளை ஒரே அழைப்பில் அனுப்பும் வழியைத் தேடும்போது, டெலீட் முறையின் உடலுக்குள் (அழைப்போடு செல்லும் உள்ளடக்கப் பகுதிக்குள்) பட்டியலை நீங்களாகத் திணித்துப் பார்க்க வேண்டாம். அவ்வாறு அனுப்பப்படும் உள்ளடக்கத்துக்குப் பொதுவான பொருள் எதுவும் இல்லை என்று 2022இல் வெளிவந்த, இணையப் பரிமாற்ற விதிகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி 9110 கூறுகிறது. இடையில் நின்று அழைப்பைக் கடத்திவிடும் ப்ராக்ஸி சேவையகம் ஒன்று அதை உதறிவிடவும் கூடும். இதனாலேயே பல ஏபிஐகள் முகவரியின் இறுதியில் முக்காற்புள்ளி இட்டு வினையின் பெயரைச் சேர்த்து, தொகுதி வேலைகளுக்குத் தனி வாசல் வைக்கின்றன.

வரைபடவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேரத்தை வைத்துச் சலித்தபோது முதலில் ஒரு பதிவுகூட வரவில்லை. நான் இந்திய நேரத்தைக் கொடுத்திருந்தேன், பதிவுகளிலோ யூடிசி என்னும் உலகப் பொது நேரம் இருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்ததும் 3,871 தொடர்புகள் கிடைத்தன; முன்பே நீங்கியவை போக எஞ்சியவை இவையே. தாளோடு ஒப்பிட்டபோது அவற்றுள் 26 பொருந்தவில்லை. அதே மாலையில் ஒரு தளப் பொறியாளர் கையால் இணைத்தவை அவை. நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் அவையும் போயிருக்கும்.

ஐந்து தொடர்புகளை மட்டும் நீக்கி, இணையதளத்தில் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே மற்றவற்றைச் சிறு தொகுதிகளாக அனுப்பினேன். நீக்கப்பட்டவற்றை மட்டும் காட்டும்படி தேடியபோது, முந்தைய அரைகுறை ஓட்டத்தில் போன 329 தொடர்புகளும் தெரிந்தன. அந்த 26 போக நான் இப்போது நீக்கிய 3,845ஐயும் கூட்டினால் 4,174, அதனுடன் என் தாளில் கோப்பு இல்லாமல் விடுபட்ட 26 வரிகளைச் சேர்த்தால் கணக்கு நேராகிறது. இரண்டு இடத்திலும் 26 வந்தது தற்செயல்தான். அது என்னை அரைமணி நேரம் குழப்பிவிட்டது.