உறைபனியில் கருகிய செம்பருத்தி: இப்போதே வெட்டலாமா?

கேள்வி: ராத்திரி மைனஸ் 3 டிகிரி வரை இறங்கிடுச்சு. செம்பருத்தி, காகிதப்பூ இலையெல்லாம் கருத்துத் தொங்குது; வாழை துவண்டு கிடக்கு. இப்பவே கவாத்து பண்ணலாமா? உரம் வைக்கலாமா?

பதில் 1: இரண்டுமே வேண்டாம். கருகிய இலைகள் அடுத்த பனியில் உள்கிளைகளுக்குப் போர்வை மாதிரி. இப்போது வெட்டினால் இளந்துளிர் கிளம்பும், அடுத்த பனியில் முதலில் சாவது அதுதான். தழைச்சத்து உரமும் அதே வேலையைத்தான் செய்யும். பனிக்காலம் முடிந்ததும் நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் பட்டையைச் சுரண்டுங்க. பச்சை தெரிகிற இடம்வரை உயிர் இருக்கு. அதற்கு மேலே உள்ளதை வெட்டலாம்.

பதில் 2: வாழை மட்டும் விதிவிலக்கு. கூழான தண்டை விட்டுவைத்தால் அழுகல் கீழே இறங்கும். மேலிருந்து துண்டுதுண்டாகச் சீவுங்க. நடுவில் வெள்ளையாக, கெட்டியாகத் தெரிந்ததும் நிறுத்துங்க. கிழங்கு பிழைத்திருந்தால் பக்கக்கன்று வரும்.

கேட்டவர்: நாளைக்கும் பனி இருக்காம். பிளாஸ்டிக் ஷீட் போர்த்தினால் போதுமா?

பதில் 3: இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமே கருகும். அதைவிடப் பழைய பெட்ஷீட் நல்லது. நாலு குச்சி நட்டு, தரைவரை விரித்து, ஓரத்தில் கல் வையுங்க. தண்டோடு சேர்த்துக் கட்டிடாதீங்க, மண்ணின் சூடு உள்ளே ஏறாது. மண் காய்ந்திருந்தால் பகலிலேயே தண்ணீர் விடுங்க. ஈரமண் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும். காலையில் பனி உருகியதும் போர்வையை எடுத்துடுங்க. தொட்டிச் செடிகளை உள்ளே நகர்த்துங்க, அதில் வேர் சீக்கிரம் உறைஞ்சிடும்.