மெக்சிகோ சிட்டியில் நாலு நாள்: எங்கே சாப்பிடலாம், எப்போ சாப்பிடலாம்?

பயணப்பை
வியாழன் மாலை இறங்கி திங்கள் காலை கிளம்புறோம். தங்கறது ரோமா பகுதியில். மூணு பேர்: ஒருத்தர் எல்லாம் சாப்பிடுவார், ஒருத்தருக்கு மாடும் பன்றியும் கூடாது, ஒருத்தர் சுத்த சைவம் (பால், சீஸ் சரி). வீதிக்கடையா இருந்தாலும் பரவாயில்லை. எங்கே போகலாம்?

சோளக்கொல்லை
கடைப் பட்டியலுக்கு முன்னாடி நேரத்தைச் சொல்லிடறேன். அந்த ஊர்ல ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. பார்பகோவா (நிலத்தடி அடுப்பில் வேகவைச்ச ஆட்டுக்கறி) சனி, ஞாயிறு காலை. மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்கு மேல்தான் களைகட்டும். அல் பாஸ்தோர் (கம்பியில் அடுக்கிச் சுட்ட பன்றிக்கறி) இருட்டினப்புறம். பகல் 12 மணிக்கு அல் பாஸ்தோர் தேடிப் போனா, பல இடத்தில் முந்தின நாள் சீவி வைச்ச கறியைத் தட்டையான கல்லில் சூடு பண்ணித் தருவாங்க. ஓரம் மொறுமொறுப்பா இருக்காது, நார் நாரா வரும்.

எல்லாம் சாப்பிடறவருக்கு: நர்வார்த்தே பகுதியில் எல் வில்சீதோ. பகலில் கார் பட்டறை, ராத்திரி டாக்கோ (சோள ரொட்டியில் கறி வைச்சு மடிச்சது) கடை. கம்பியில் கறியைக் கூம்பாக அடுக்கி, உச்சியில் அன்னாசி செருகியிருப்பாங்க. லெபனான்காரங்க கொண்டுவந்த ஷவர்மாவோட வாரிசுதான் இது, ஆனா கறி பன்றி. நெருப்புப் பக்கம் கருகின மேல்தோலை மட்டும் மெல்லிசா சீவி நேரா டோர்ட்டியாவில் (அந்த மெல்லிய சோள ரொட்டி) பிடிச்சா சரியான கடை. வரிசையில நிற்கும்போதே கத்தியைக் கவனிங்க.

சென்ட்ரோவில் (ஊரின் பழைய நடுப்பகுதி) பொலீவார் தெருவில் லோஸ் கொகூயோஸ்: சுவாதேரோ, அதாவது கொழுப்பில் மெதுவா வெந்த மாட்டுக்கறி. சான் ரஃபேலில் எல் கலிஃபா தெ லெயோன். 2024-இல் மிஷலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கின டாக்கோ கடை. கவோனேரா கேளுங்க. மெல்லிய மாட்டு இறைச்சி, உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். நின்னுக்கிட்டே சாப்பிடணும். நட்சத்திரத்தை நினைச்சுக்கிட்டு மேசை நாற்காலி தேடாதீங்க.

மாடும் பன்றியும் வேண்டாதவருக்கு ஊரே ஏங்குற பதில் ஒண்ணு இருக்கு: ஆட்டுக்கறி பார்பகோவா. ரோமா சூரில் எல் இதால்கென்ஸே, வெள்ளி முதல் ஞாயிறு வரைதான் திறக்கும். உங்க தேதிக்குப் பொருந்துது. நிலத்தில் தோண்டின அடுப்பில் மகேய் கற்றாழை மடலைச் சுத்தி ராத்திரி முழுக்க வேகவைப்பாங்க. அடியில் வைச்ச பாத்திரத்தில் வடியுற சாறுதான் கோன்சோமே. கொண்டைக்கடலையோட வரும், அதை விடாதீங்க. கொழுப்பு பிடிக்காதுன்னா "மசீஸா"ன்னு சொல்லுங்க, வெறும் சதை வரும். காலை 11-க்குள்ள போயிடுங்க, மதியத்துக்கு மேல நல்ல துண்டு தீர்ந்துடும்.

காரசாரம்
மேலே சொன்னதோட ஒரு எச்சரிக்கை. சுவாதேரோ கடையில் நடுவில் மேடு தூக்கின பெரிய வட்டப் பாத்திரம் இருக்கும். மாடு, பன்றி லொங்கனீஸா, குடல் எல்லாம் ஒரே கொழுப்பில்தான் கிடக்கும். "எனக்கு மாடு மட்டும்"னு கேட்டாலும் பன்றிக் கொழுப்பு கலந்துதான் வரும். மாடும் பன்றியும் கூடாதவருக்கு மீன் நல்லது: ரோமாவில் கோந்த்ராமார், மதியத்துக்கு. சூரை மீன் தோஸ்தாதாவும் (மொறுமொறு டோர்ட்டியா மேல வைச்சது), ஒரு பாதி சிவப்பு, மறு பாதி பச்சை மசாலா பூசிச் சுட்ட மீனும். முன்பதிவு இல்லாம போனா வெயிலில் நிக்கணும்.

சல்சா (மேலே ஊத்திக்கிற காரச் சட்னி): பச்சைன்னா காரம் கம்மின்னு நினைக்காதீங்க, பல கடையில் பச்சைதான் எரிக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு வைச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க.

இலைச்சாப்பாடு
சைவம் பத்திக் கொஞ்சம் நீளமா எழுதறேன், ஏமாறறது இங்கேதான்.

"சின் கார்னே" (கறி இல்லாம)ன்னு சொன்னா போதாது. கார்னேன்னா அவங்களுக்குப் பெரும்பாலும் மாடு, பன்றி. கோழியைக் கறியில் சேர்க்காம தட்டில் போட்டுடுவாங்க. "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" (கறி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன்)ன்னு முழுசா சொல்லுங்க. அப்புறம் ரெண்டு கேள்வி. பீன்ஸ் மசியலில் "மந்தேகா" (பன்றிக் கொழுப்பு) இருக்கா? சாதத்தில் "கால்தோ தெ போயோ" (கோழிச் சாறு) இருக்கா? சிவப்புச் சாதத்தில் அடிக்கடி இருக்கும். தமாலே (சோளமாவை இலையில் சுத்தி அவிச்சது) மாவிலும் மந்தேகா பிசைவாங்க, கேட்காம வாங்காதீங்க.

நம்பிச் சாப்பிட த்லகோயோ. சந்தை வாசலில், நீல சோளமாவை நீள்வட்டமாத் தட்டி, உள்ளே பீன்ஸோ ஆபா பருப்போ வைச்சு, கொமால் கல்லில் வாட்டுவாங்க. மேலே நொபால் கள்ளி, தூள் சீஸ், சல்சா. நொபால் வெண்டைக்காய் மாதிரி வழுவழுன்னு இருக்கும், பயப்படாதீங்க. அடுத்தது கேசாதியா (உள்ளே ஏதாவது வைச்சு மடிச்ச டோர்ட்டியா): பூசணிப்பூ வைச்சதையும், சோளக்கதிரில் விளையுற கறுப்புப் பூஞ்சை உயித்லகோச்சே வைச்சதையும் கேளுங்க. வேடிக்கை என்னன்னா, இந்த ஊர்ல கேசாதியாவில் சீஸ் தானா வராது. "கோன் கேசோ" (சீஸோட)ன்னு சொல்லணும். "ஃப்ரீதா" (பொரிச்சது) வேண்டாம், "அல் கொமால்" (கல்லில் வாட்டினது) கேளுங்க. பொரிக்கிற எண்ணெயில் என்ன இருக்குன்னு தெரியாது.

அல் பாஸ்தோர் ஆசை இருந்தா ரோமாவில் போர் சியெம்ப்ரே வேகானா இருக்கு, முழுக்கச் சைவக் கடை.

பயணப்பை
அருமை! டோர்ட்டியா நல்லதான்னு எப்படிப் பார்க்கறது? வயிறு கெடாம இருக்க?

சோளக்கொல்லை
சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் வேகவைச்சு ராத்திரி ஊறவிட்டு அரைச்ச மாவுன்னா வாசனையே சொல்லிடும்: ஈரமண்ணும் வேகவைச்ச சோளமும் கலந்த மாதிரி. பாதியா மடிங்க. விரிசல் விடாம வளையணும். மடிப்பில் பிளந்தா பழசு, இல்லை காய்ஞ்சது.

வயிறு: கூட்டம் உள்ள கடை, காசு வாங்குற கை வேறு, உணவு தொடுற கை வேறு. தட்டுமேல பிளாஸ்டிக் பை மாட்டி அதில் டாக்கோ வைச்சுக் கொடுப்பாங்க. தட்டைக் கழுவுற வேலை மிச்சம், உங்களுக்கும் நல்லது. காலையிலிருந்து திறந்து கிடக்குற சல்சா வேண்டாம்.

வீதிக்கடையில் சில்லறை பெசோ வைச்சுக்குங்க, அட்டை ஓடாது. எத்தனை டாக்கோ சாப்பிட்டீங்கன்னு நீங்களே எண்ணிக்கிட்டு கடைசியில் சொல்லணும். உணவகத்தில் விலையிலேயே 16% வரி அடங்கியிருக்கும், டிப்ஸ் 10 முதல் 15% தனி.