சிறுவர் நூல், பெரியவர் நூல்: தனித்தனியாக அடுக்கலாமா?

கேள்வி: சிறு நூலகம் ஒன்றுக்குப் புத்தகங்களை அடுக்குகிறோம். வயதுவாரியாகப் பிரிப்பது சரிதானா?

பதில் 1: பிரிக்கலாம். ஆனால் மொழிக் கடினம் வேறு, உள்ளடக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக அளப்பதில்தான் குழப்பமே. எளிய வாக்கியத்திலும் கொடூரம் வரும். மொழிக்கு ஐந்து விரல் சோதனை போதும்: நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்கட்டும், தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் தனியாக வாசிப்பது சிரமம். கூட உட்கார்ந்து வாசிக்கலாம். உள்ளடக்கத்துக்குக் குறுக்குவழி கிடையாது, நீங்களே வாசிக்கத்தான் வேண்டும்.

பதில் 2: புத்தகத்தின் முதுகில் வயதை ஒட்டிவிடாதீர்கள்! மெதுவாக வாசிக்கும் 13 வயதுப் பிள்ளை '8+' நூலைத் தொடவே கூசும். அட்டையின் உள்பக்கம் பென்சிலில் குறியுங்கள். அறிவியல் நூல்களை வயதுவாரியாகப் பிரிக்காமல், பொருள்வாரியாகக் கலந்தே வையுங்கள்.

பதில் 3: பதிப்பையும் பாருங்கள். 1726இல் வந்த 'கலிவரின் பயணங்கள்' பெரியவர்களுக்கான அங்கதம், அதாவது சமூகத்தைக் கேலி செய்யும் எழுத்து. சிறுவர் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம்.